இடப்பக்கக் கோடு யாருடையது?

ஜார்ஜ் டவுன் ஒரு செவ்வகமாகத்தான் பிறந்தது. 1786-இல் பினாங்கில் இறங்கிய பிரான்சிஸ் லைட் காட்டை வெட்டி ஊர் அமைத்தபோது வடக்கே லைட் தெரு, கிழக்கே பீச் தெரு, மேற்கே பிட் தெரு என்று மூன்று பக்கமும் எல்லை வகுக்கப்பட்டது. தெற்கு எல்லையாக அமைந்தது அன்று மலபார் தெரு என்று பெயர் பெற்றிருந்த நம் சூலியா தெரு. அந்த எல்லை வெகுநாள் நிற்கவில்லை. எல்லைக் கோட்டை ஒட்டி உள்பக்கமாக நாகூர் தர்கா எழுந்தது. தென்மேற்கு மூலைக்கு வெளியே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. கிழக்கே கடலைத் தூர்த்து ஊர் இன்னும் நீண்டது. பீச் தெருவைத் தாண்டி அப்படித் தூர்த்த நிலத்தில் ஓடும் காட் லெபோ சூலியாவில், சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஒரு சுவரோவியம் இருக்கிறது. பிள்ளைகள் கூடைப்பந்து ஆடும் ஓவியம். பழைய செவ்வகத்தின் கணக்குப்படி அந்தப் பிள்ளைகள் ஆடுவது எல்லைக்கு வெளியே. விசில் ஊதத்தான் ஆளில்லை.

மெய்யான கூடைப்பந்துக் களத்தில் ஆள் உண்டு; ஆனால் போதிய ஆள் இல்லை. களத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். சுற்றிவர 86 மீட்டர் கோடு. அதைக் காக்கும் நடுவர்கள் பள்ளி, மாநில அளவிலான ஆட்டங்களில் பெரும்பாலும் இருவர், பெரிய போட்டிகளில் மூவர். பேட்மிண்டனோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு குறைவு என்பது பினாங்குக்காரர்களுக்கு உடனே புரியும். பேட்மிண்டன் களத்தின் சுற்றளவு 39 மீட்டர்தான். பெரிய போட்டிகளில் அதைச் சுற்றி நாற்காலி போட்டுப் பத்துப் பேர் வரை கோட்டு நடுவர்களை உட்கார வைப்பார்கள். தனக்கென்று ஒதுக்கிய கோட்டைத் தவிர வேறெதையும் அவர்கள் பார்க்க வேண்டியதில்லை. கூடைப்பந்து நடுவரோ ஓடவேண்டும். பத்து ஆட்டக்காரர்களின் கை, முழங்கை, இடுப்பு, கால் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். பந்தைத் தட்டாமல் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களா, கூடைக்குக் கீழே மூன்று விநாடிக்கு மேல் நிற்கிறார்களா என்பதெல்லாம் அவர் பொறுப்பு. இத்தனைக்கும் நடுவே கோட்டையும் பார்க்க வேண்டும்.

இரண்டு பேர், நான்கு கோடு. ஆளுக்கு இரண்டு என்று பிரித்துக்கொண்டால் முடிந்தது என்று தோன்றும். ஏறக்குறைய அப்படித்தான் பிரிக்கிறார்கள். ஆனால் எந்த இரண்டு யாருக்கு என்பதில் கண்ணின் அமைப்பும் வடிவியலும் ஒளிந்திருக்கின்றன. அதற்கு முன், எது வெளி என்பதைப் பார்த்துவிடலாம்.

கூடைப்பந்தில் கோடு வெளியைச் சேர்ந்தது. ஒரே மண்டபத் தரையில் நான்கு ஆட்டங்களின் கோடுகளை நான்கு நிறத்தில் தீட்டி வைத்திருக்கும் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் பழக்கமானதுதான். பேட்மிண்டன் கோட்டில் இறகுப்பந்து விழுந்தால் அது உள்ளே. அதற்கு ஒரு சாண் தள்ளியிருக்கும் கூடைப்பந்துக் கோட்டில் பந்து பட்டால் அது வெளியே. கோட்டின் அகலம் 5 சென்டிமீட்டர். பந்தை வைத்திருப்பவரின் காலணி விளிம்பு அதை ஒரு மில்லிமீட்டர் தொட்டாலும் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

காற்றுக்கு மட்டும் எல்லை கிடையாது. பந்து கோட்டுக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளி மிதந்துகொண்டிருந்தாலும் அது ஆட்டத்தில்தான் இருக்கிறது. வெளியே இருக்கும் தரையையோ, ஆளையோ, பொருளையோ தொட்ட பிறகுதான் அது வெளியே போனதாகக் கணக்கு. பலகையின் முன்பக்கத்தில் பட்டால் ஆட்டம் தொடரும். பின்பக்கத்திலோ அதைத் தாங்கும் கம்பத்திலோ பட்டால் வெளியே. ஆட்டக்காரர் எங்கே இருக்கிறார் என்பதையும் அவருடைய கால்தான் முடிவு செய்கிறது. உள்ளேயிருந்து எம்பியவர் கோட்டைத் தாண்டி அந்தரத்தில் பறந்தாலும், கடைசியாக எந்தத் தரையை மிதித்தாரோ அந்தத் தரையைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார். பாய்ந்து சென்று பந்தை உள்ளே தட்டிவிட்டுப் பார்வையாளர் மடியில் விழும் ஆட்டக்காரர் விதியை மீறவே இல்லை. அரங்கமே அண்ணாந்து அவருடைய கையைப் பார்த்துக் கைதட்டும்போது நடுவர் ஒருவர் மட்டும் குனிந்து அவர் கால் எங்கே கிளம்பியது என்று பார்த்திருக்க வேண்டும். 'பந்தைப் பார்க்காதே, காலைப் பார்' என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன? முடியாது. மனிதக் கண் தெளிவாகப் பார்ப்பது விழித்திரையின் நடுவே உள்ள மிகச் சிறிய குழியால். அதன் பார்வை வீச்சு ஏறத்தாழ 2 பாகை. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் விரலின் அகலம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். பத்து மீட்டர் தூரத்தில் இந்த 2 பாகை, 35 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டமாக விரிகிறது. ஆண்கள் ஆடும் பந்தின் விட்டமே 24 சென்டிமீட்டர். பந்தைக் கூர்ந்து பார்க்கும் நடுவருக்குப் பந்தைச் சுற்றி ஓர் ஐந்தாறு சென்டிமீட்டர் மட்டுமே மிச்சம். ஒன்றரை மீட்டர் கீழே இருக்கும் கால் அவருக்கு மங்கலான அசைவாகத்தான் தெரியும். பந்திலிருந்து காலுக்குப் பார்வையைத் தாவ விடலாம். ஆனால் அந்தத் தாவல் தொடங்கவே ஏறக்குறைய 200 மில்லிவிநாடி பிடிக்கும், தாவும் நேரத்தில் மூளை பெரும்பாலும் எதையும் பதிவு செய்வதில்லை. ஒரு கால் கோட்டை மிதித்துவிட்டு எழ அந்த நேரம் போதும்.

அடுத்தது கோணம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நடுவரின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோடு 10 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோட்டின் போக்கிலேயே நின்று அதை நெடுக்காகப் பார்த்தால், 5 சென்டிமீட்டர் அகலம் கண்ணில் சுமார் 17 கலைகள் விரிகிறது. (ஒரு பாகையில் 60 கலைகள், நல்ல பார்வையுள்ளவர் பிரித்தறியும் எல்லை ஏறக்குறைய ஒரு கலை.) அதே கோட்டைக் களத்தின் நடுவிலிருந்து குறுக்காகப் பார்த்தால், தரை சாய்வாகத் தெரிவதால், அதே 5 சென்டிமீட்டர் 3 கலைக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. தூரம் மாறவில்லை, கோடும் மாறவில்லை. நின்ற திசை மாறியதில் அகலம் ஆறில் ஒரு பங்காகிவிட்டது.

பந்து அந்தரத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதே நடுவர் குறுக்கே நின்று பார்க்கிறார். பந்து சரியாகக் கோட்டுக்கு நேர் மேலே, தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவர் கண்ணிலிருந்து பந்தைத் தொட்டு ஒரு நேர்கோட்டை நீட்டினால் அது எங்கே தரையைத் தொடும்? கோட்டுக்கு 2.3 மீட்டர் வெளியே. பந்து வெகுதூரம் போய்விட்டதாகக் கண் சாட்சி சொல்லும். கோட்டின் நேர்போக்கில் நிற்பவருக்கு இந்தப் பிழை கிடையாது. அவருக்குப் பந்து கோட்டுக்கு நேர் மேலேயே தெரியும்.

இது வெறும் தாள் கணக்கு இல்லை. காற்பந்தில் ஆஃப்சைடு தீர்ப்புகள் ஏன் தவறுகின்றன என்று நெதர்லாந்தின் ராவுல் அவுடேயான்ஸும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2000-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். துணை நடுவர்கள் கடைசித் தடுப்பாளரின் நேர்கோட்டில் நிற்காமல் சற்று முன்னோ பின்னோ நின்றதால் ஏற்பட்ட கோணப் பிழையே பெருங்காரணம் என்று கண்டார்கள். கண்ணோ நேர்மையோ கெட்டுப்போகவில்லை. கால் நின்ற இடம் பிசகியது. டென்னிஸில் வேறு மாதிரியான பிழை. 2008-இல் டேவிட் விட்னியின் குழு விம்பிள்டன் ஆட்டங்களில் 4,000-க்கும் மேற்பட்ட புள்ளிகளை அலசியது. தவறாகத் தீர்ப்பளிக்கப்பட்ட 83 பந்துகளில் 70, உள்ளே விழுந்தும் வெளியே என்று சொல்லப்பட்டவை. வேகமாக நகரும் பொருளை மூளை அது போகும் திசையில் சற்று முன்தள்ளியே பார்க்கிறது. அந்த நடுவர்கள் ஒரே கோட்டின் முன் அசையாமல் இருந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஓடிக்கொண்டே பார்ப்பவரின் பாடு எப்படி இருக்கும்!

இனி நடுவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கலாம். இருவர் இருக்கும் ஆட்டத்தில் ஒருவர் தாக்குதல் நடக்கும் கூடைக்குப் பின்னே, இறுதிக் கோட்டுக்கு வெளியே களத்தைப் பார்த்து நிற்பார். அவர் 'லீட்'. மற்றவர் ஆட்டத்துக்குப் பின்னால், நடுக்கோட்டுக்கும் கூடைக்கும் இடையில், தன் இடப்பக்கக் கோட்டை ஒட்டிக் கூடையைப் பார்த்து நிற்பார். அவர் 'டிரெயில்'. மூலைவிட்டமாக எதிரெதிரே நின்று, ஆட்டக்காரர்களை நடுவில் விட்டுப் பார்ப்பார்கள்.

கோட்டுப் பங்கீடு இது: லீடுக்கு இறுதிக் கோடும் தன் இடப்பக்கக் கோடும். டிரெயிலுக்கு நடுக்கோடும் தன் இடப்பக்கக் கோடும். இருவருக்குமே 'இடப்பக்கம்' என்று சொன்னால் ஒரே கோட்டை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் இருவரும் எதிரெதிர்த் திசையைப் பார்த்து நிற்கிறார்கள். லீடின் இடது டிரெயிலுக்கு வலது. ஆகவே ஆளுக்கு ஒரு பக்கக் கோடு சரியாகக் கிடைத்துவிடுகிறது. அதுவும் ஒவ்வொருவரும் குறுக்காகப் பார்க்காமல், பெரும்பாலும் கோட்டின் போக்கிலேயே பார்க்கும்படி. டிரெயிலுக்குத் தொலைவில் இருக்கும் பக்கக் கோட்டை அவர் 12, 13 மீட்டர் குறுக்கே பார்த்துத் திணற வேண்டியதில்லை. மூலையில் நிற்கும் லீட் அதை நெடுக்காகப் பார்த்துக்கொள்வார்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆட்டம் திரும்பும்போது நடப்பது. பந்து பறிபோய் எல்லோரும் மறு கூடையை நோக்கி ஓடுகிறார்கள். டிரெயிலாக இருந்தவர் இப்போது மறுமுனைக்கு முந்தி ஓடி லீட் ஆகிறார். லீட் பின்னால் வந்து டிரெயில் ஆகிறார். பொறுப்பு முழுக்கத் தலைகீழாகும் என்று நினைப்போம். ஆனால் பழைய டிரெயில் மறுமுனையின் இறுதிக் கோட்டுக்குப் போய்க் களத்தைப் பார்த்துத் திரும்பி நின்றால், அவருடைய இடப்பக்கத்தில் இருப்பது முன்பு இருந்த அதே பக்கக் கோடு! ஒரு தாளில் செவ்வகம் வரைந்து இரண்டு நாணயத்தை நகர்த்திப் பாருங்கள். ஓட்டம் எத்தனை முறை திரும்பினாலும் பக்கக் கோடுகள் கைமாறுவதில்லை. குறுக்குக் கோடுகள் மட்டுமே கைமாறுகின்றன. தவறுக்கு விசில் ஊதி, மேசைக்குச் சைகை காட்டிவிட்டு இருவரும் இடம் மாறும்போதுதான் பக்கக் கோடு அடுத்தவருக்குப் போகும். ஓடிக் களைத்த மூளைக்கு நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: என் இடது, என் கோடு.

மூவர் இருந்தால் இடது வலது கணக்கே வேண்டியதில்லை. லீடுக்கு இறுதிக் கோடு மட்டும். டிரெயிலுக்குத் தான் நிற்கும் பக்கத்தின் கோடும் நடுக்கோடும். எதிர்ப்பக்கத்தில் நிற்கும் 'சென்டர்' நடுவருக்கு அந்தப் பக்கத்துக் கோடு. பந்து இருக்கும் பக்கத்துக்கு லீட் இறுதிக் கோட்டோரமாகவே நடந்து மாறினால் சென்டர் டிரெயில் ஆவார், டிரெயில் சென்டர் ஆவார். பெயர்தான் மாறுகிறது, காலடியில் இருக்கும் பக்கக் கோடு மாறுவதில்லை. இந்த வசதிக்காகத்தான் அமெரிக்காவின் என்.பி.ஏ. 1988-89 பருவத்திலிருந்து மூன்றாவது நடுவரை நிரந்தரமாக வைத்துக்கொண்டது என்று சொன்னால் அது மிகை. ஆளோடு ஆள் மோதுவதைப் பார்க்கத்தான் கூடுதல் கண் தேவைப்பட்டது. கோடுகளுக்கும் அதனால் நன்மை கிடைத்தது.

மூவர் இருந்தும் சிக்கல் தீராத இடம் ஒன்று உண்டு: மூலை. மூன்று புள்ளிக் கோட்டுக்கும் பக்கக் கோட்டுக்கும் நடுவே அங்கே 90 சென்டிமீட்டர்தான் இடைவெளி. அதற்குள் இரண்டு பெரிய காலணிகளைத் திணித்துக்கொண்டு ஒருவர் பந்தை எறிகிறார். முன்கால் மூன்று புள்ளிக் கோட்டைத் தொட்டால் கூடை இரண்டு புள்ளிதான். பின்குதிகால் பக்கக் கோட்டைத் தொட்டால் கூடையே இல்லை. லீட் அருகில்தான் நிற்கிறார், ஆனால் அந்தப் பக்கக் கோடு அவருடையது அல்ல. கோட்டுக்கு உரியவரோ ஏழெட்டு மீட்டர் தள்ளி நிற்கிறார். அருகில் இருப்பவருக்கே கொடுத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அருகில் இருப்பதைவிட நேர்போக்கில் இருப்பது மேல் என்பதுதான் மேலே போட்ட கணக்கு சொல்லும் விடை.

இப்படிப் பிரிப்பதால் கோடு காக்கப்படுகிறது என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி, கோடு தன்னுடையதாக இல்லாத நடுவர் பந்திலிருந்து கண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்பது. பந்து ஒரு கோட்டை நோக்கி உருளும்போது அரங்கில் எல்லாக் கண்களும் பந்தோடு போகும். நடுவர் இருவரின் கண்ணும் சேர்ந்து போனால், கூடைக்குக் கீழே நடக்கும் இடியும் பிடியும் யாருக்கும் தெரியாது. எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார்? 1999-இல் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனை, தற்செயலாகக் கூடைப்பந்தை வைத்தே நடந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவர் வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு போனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை. பந்தைப் பின்தொடரும் கண் அந்த அளவுக்குக் குருடாகும். அதனால் நடுவரிடம் "அந்த வரம்பில் பந்தைப் பார்" என்று சொல்வதைவிட "இந்த வரம்பில் பந்தைப் பார்க்காதே" என்று சொல்வதே பயிற்சியில் கடினமான பாடம். பந்து கண்ணை இழுக்கும். இழுபடாமல் இருக்கப் பழக வேண்டும்.

இந்த ஆட்டம் பிறந்தபோது பங்கீடு வேறு மாதிரி இருந்தது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில், அம்பயர் ஆட்களைப் பார்க்க வேண்டும், ரெஃப்ரி பந்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பந்து உள்ளேயா வெளியேயா, யாருக்குச் சேர வேண்டும் என்பதெல்லாம் ரெஃப்ரியின் வேலை. களம் சின்னது, ஓட்டம் குறைவு, அதனால் அது செல்லுபடியானது. வெளியே போன பந்து யாருக்கு என்ற விதிதான் விபரீதம்: முதலில் ஓடிப்போய் எடுப்பவருக்கே பந்து. விளைவை ஊகிப்பது கடினமல்ல. பந்து மாடத்தில் போய் விழுந்தால் இரண்டு அணியும் படிக்கட்டில் முண்டியடித்து ஏறியிருக்கிறார்கள். சில ஊர்களில் களத்தைச் சுற்றிக் கம்பி வலையே கட்டினார்கள். கடைசியாகத் தொட்டவரின் எதிரணிக்குப் பந்து என்ற இன்றைய விதி 1913 வாக்கில்தான் வந்தது. முட்டி மோதல் ஓய்ந்தது. அதுவரை நடுவருக்கு இல்லாத ஒரு புதுக் கேள்வியும் அன்றுதான் பிறந்தது: கடைசியாகத் தொட்டது யார்?

   

கோட்டைப் பார்க்கும் கண்ணுக்கும் கடைசித் தொடுகையைப் பார்க்கும் கண்ணுக்கும் வேண்டிய இடங்கள் வேறு வேறு. பந்து வெளியே போயிற்றா என்று சொல்லக் கோட்டின் போக்கில் நிற்க வேண்டும். இரண்டு கைகளில் எது கடைசியாகப் பட்டது என்று சொல்ல, இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். கோட்டோரமாக இரண்டு பேர் பந்துக்காக மல்லுக்கட்டும்போது, கோட்டின் போக்கில் நிற்பவருக்கு ஒருவர் முதுகு மற்றவர் கையை மறைக்கும். அந்த நேரத்தில் கோடு தன்னுடையதாக இல்லாத கூட்டாளிக்குத்தான் கை நன்றாகத் தெரிந்திருக்கும். சாட்சி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது: ஒருவருக்கு 'வெளியே' தெரியும், மற்றவருக்கு 'யாரால்' தெரியும்.

இந்த இரண்டு சாட்சியையும் சேர்க்கும் முறை நுட்பமானது. கோட்டுக்கு உரியவர் விசில் ஊதி, விரித்த உள்ளங்கையை உயர்த்துகிறார்; கடிகாரம் நிற்கிறது. (மூடிய முட்டியாக இருந்தால் அது ஆட்டக்காரர் செய்த தவறு.) திசையைக் காட்டுவது அடுத்த அசைவு. இரண்டுக்கும் நடுவே அரை நொடி இருக்கிறது. தனக்குத் தெரியாவிட்டால் அந்த அரை நொடியில் அவர் கூட்டாளியின் முகத்தைப் பார்ப்பார். ஆட்டத்துக்கு முன் பேசி வைத்துக்கொண்ட ஒரு சின்னச் சைகை வரும். அவர் அந்தப் பக்கம் கை நீட்டுவார். பார்க்காமல் அவசரமாகக் கை நீட்டிவிட்டால் கூட்டாளியின் நிலைமை தர்மசங்கடம். தன் கடமை எல்லைக்குள் ஒரு நடுவர் எடுத்த முடிவை இன்னொருவர் தள்ளிவைக்கவோ கேள்வி கேட்கவோ முடியாது என்பது விதி. தெரிந்ததைச் சொல்லலாம், மாற்றுவது கோட்டுக்கு உரியவரின் விருப்பம். நல்ல நடுவர் இணையைத் தவறே செய்யாததை வைத்து நான் அடையாளம் காண்பதில்லை. கை உயர்ந்த பிறகு திசை காட்டும் முன் ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறதா என்று பார்ப்பேன். ரசிகர்கள் அதைத்தான் 'தெரியாமல் முழிக்கிறார்' என்று கேலி செய்வார்கள்.

ஆட்டக்காரர்களைக் கேட்டால் என்ன? நடுவர் இல்லாத தெரு ஆட்டத்தில் அதுதான் நடக்கிறது. பாதி நேரம் வாக்குவாதத்தில் போகிறது. இருவரும் "உன் கையில்தான் பட்டது" என்று சத்தியம் செய்வார்கள். ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் நாம் நினைப்போம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டை டாங்கும் மைக்கேல் மெக்பீத்தும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தருகிறது. இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து, ஒரு வெளிச்சம் மின்னியதும் ஒருவர் மற்றவரின் கையைத் தட்டச் சொல்லி, யார் தட்டியது முதலில் என்று கேட்டார்கள். இருவரும் தத்தம் தொடுகையே முந்தியது என்று சொல்லும் பக்கமே சாய்ந்தார்கள். தன் செயலை மூளை ஏறக்குறைய 50 மில்லிவிநாடி முன்னதாக நடந்ததாக உணர்கிறது. நான் முதலில் தொட்டேன் என்றால், கடைசியாகத் தொட்டது நீ என்றுதானே அர்த்தம்? இருவருமே உணர்ந்ததைத்தான் சொல்கிறார்கள். விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் பறக்கும் பந்து அந்த 50 மில்லிவிநாடியில் அரை மீட்டர் போய்விடும்.

நடுவர்களுக்கும் தெரியாவிட்டால், அல்லது இருவரும் இரண்டு திசை காட்டிவிட்டால், அதற்கும் விதியில் இடம் உண்டு. நடுவர்களுக்கு ஐயம் இருந்தாலோ கருத்து வேறுபட்டாலோ அது 'ஜம்ப் பால்' நிலை என்று சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிநூல் சொல்கிறது. மேசையில் இருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்த அணிக்குப் பந்து. அடுத்த முறை மற்ற அணிக்கு. நடுவர்கள் தங்களுக்குள் முரண்படக்கூடும் என்று ஒரு சட்டநூலே முன்கூட்டி ஒப்புக்கொண்டு வழி சொல்லி வைத்திருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. மற்ற துறைகளின் சட்டநூல்களில் இந்த அடக்கத்தை நான் அதிகம் கண்டதில்லை.

காணொளி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். என்.பி.ஏ. 2014-இல் நியூ ஜெர்சியின் செகாகஸில் மறுகாட்சிக்கென்றே ஒரு மையம் திறந்தது. சர்வதேச விதிகளின்படி, பந்தை வெளியே அனுப்பியது யார் என்பதை அந்த வசதி உள்ள அரங்குகளில் நான்காம் கால்பகுதியின் கடைசி 2 நிமிடத்திலும் கூடுதல் நேரத்தின் கடைசி 2 நிமிடத்திலும் நடுவர்கள் தாங்களாகவே காணொளியில் பார்க்கலாம். ஆனால் மெதுவாக ஓடும் காணொளி ஒரு புதிய தலைவலியைக் கொண்டுவந்தது. தடுப்பாளர் பந்தைப் பலமாகத் தட்டிவிடுகிறார், பந்து வெளியே போகிறது. எல்லாரும் தாக்கும் அணிக்கே பந்து என்று நினைக்கிறார்கள். காணொளியை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பார்த்தால், பந்து கையை விட்டு நழுவும்போது தாக்குபவரின் சுண்டுவிரல் நுனி கடைசியாக உரசியிருக்கிறது. விதியின் எழுத்துப்படி பந்து தடுப்பாளருக்கு. நூறாண்டாக நடுவர்கள் கண்ணால் பார்த்துத் தந்த தீர்ப்பு இதற்கு நேர் எதிர். கேமராவும் தெய்வமில்லை. விநாடிக்கு 60 சட்டகம் என்றால், ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அந்தப் பத்து மீட்டர் வேகப் பந்து 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அந்த இடைவெளியில் எந்த விரல் பட்டது என்று அதுவும் காணாது. தட்டியவன் தப்பித்து, தட்டப்பட்டவன் தண்டனை பெறும் இந்தத் தீர்ப்பை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. விதியை எழுதியவர்கள் விரல்நுனியை மனத்தில் வைத்து எழுதியிருக்க வாய்ப்பில்லை. வெறுங்கண்ணுக்குத் தெரியும் தொடுகையைத்தான் தொடுகை என்று எண்ணியிருப்பார்கள்.

எப்படியும், 40 நிமிட ஆட்டத்தில் இந்தக் கேள்விக்காக நடுவர்கள் தாங்களாகவே காணொளியை நாட முடிவது அந்தக் கடைசி 2 நிமிடத்தில்தான். அதற்கு முந்திய 38 நிமிடத்தில் பெரும்பகுதியும், காணொளியே எட்டிப்பார்க்காத பள்ளி ஆட்டங்களின் எல்லா நிமிடமும், இடது எது என்று மறக்காமல் ஓடும் இரண்டு பேர் பொறுப்பில்தான் இருக்கின்றன.